கெட்டியாக்கும், ஆனால் உறைய விடாது: செல் சவ்வுக்குள் கொலஸ்ட்ரால் செய்யும் வேலை

ரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 2 கிராம். ரத்த அணுக்களைக் கழித்துவிட்டால் நம் உடம்பில் ஓடும் ரத்தத் திரவம் சுமார் 3 லிட்டர்தான். ஆக, டாக்டரும் நாமும் சேர்ந்து கவலைப்படும் கொலஸ்ட்ரால் மொத்தமே ஏறக்குறைய 6 கிராம். ஆனால் வளர்ந்த ஒருவர் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலை எல்லாம் கூட்டினால் 100 கிராமைத் தாண்டும். மீதி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் செல்களின் சவ்வுகளில். உடம்பு எடையில் 2 சதவீதம்கூடத் தேறாத மூளையில் மட்டும் மொத்தக் கொலஸ்ட்ராலில் கால் பங்குக்கு நெருக்கமாக இருக்கிறது, அதுவும் ரத்தத்திலிருந்து போய்ச் சேர்ந்தது இல்லை, மூளை தானே தயாரித்துக்கொள்வது.

இந்தக் கட்டுரை அந்த மீதியைப் பற்றியது. மாரடைப்பு, எல்.டி.எல்., மாத்திரை பற்றியெல்லாம் எழுத ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு செல் தன் சவ்வுக்குள் இவ்வளவு கொலஸ்ட்ராலை ஏன் மெனக்கெட்டு வைத்திருக்கிறது, அங்கே அது என்னதான் செய்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். பள்ளிப் பாடப்புத்தகம் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லும்: சவ்வின் இளகும் தன்மையைச் சமன்படுத்துகிறது. தப்பில்லைதான், ஆனால் விஷயத்தின் பாதிதான் அது, சுவையான பாதி வெளியே நின்றுவிடுகிறது.

முதலில் சவ்வு. செல்லின் எல்லையாக இருக்கும் இந்தப் படலத்தில் பெரும்பங்கு பாஸ்போலிப்பிட் என்ற மூலக்கூறுகள், இடையிடையே புரதங்கள். ஒவ்வொரு பாஸ்போலிப்பிட்டுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலையில் பாஸ்பேட்டும் மின்னூட்டமும் இருப்பதால் அது தண்ணீரோடு சேரும். வால்கள் இரண்டும் கொழுப்பமிலச் சங்கிலிகள், பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் நீளம், தண்ணீரோடு சேராது. இவற்றைத் தண்ணீரில் போட்டால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு அடுக்காக அமைந்துகொள்கின்றன. தலைகள் இரு புறமும் தண்ணீரைப் பார்த்திருக்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும். இதுதான் ஈரடுக்கு. இதன் தடிமன் சுமார் 4 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் இப்படி இரண்டரை லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம்.

இது ஈரடுக்குதான் என்பதை முதலில் காட்டியவர்கள் நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சேர்ந்த கோர்ட்டரும் கிரெண்டலும். 1925-இல் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதைத் தண்ணீர் மேல் ஒற்றை மூலக்கூறு தடிமனில் பரப்பிப் பார்த்தார்கள். அது பரவிய இடம் அந்தச் சிவப்பணுக்களின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கொழுப்பை முழுவதுமாகப் பிரித்தெடுக்கவில்லை, சிவப்பணுவின் பரப்பையும் குறைத்துத்தான் மதிப்பிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதில் விடை மட்டும் சரியாக வந்துவிட்டது.

இந்த ஈரடுக்கில் எதுவும் அதனதன் இடத்தில் நிற்பதில்லை. ஒரு பாஸ்போலிப்பிட் பக்கத்தில் இருப்பவற்றோடு ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு பாக்டீரியாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் ஒரு நொடியில் போய்விடக்கூடிய வேகம் அது. ஆனால் மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குத் தானாகப் புரண்டு போவது மிக அபூர்வம், ஏனென்றால் தண்ணீரை விரும்பும் தலையைக் கொழுப்புக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டும். புரதங்களும் இப்படித்தான் நகர்கின்றன. 1970-இல் ஃபிரையும் எடிடினும் ஓர் எலி செல்லையும் ஒரு மனித செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களுக்கும் வேறு வேறு நிறச் சாயம் ஏற்றினார்கள். முதலில் பாதி ஒரு நிறம், பாதி மறு நிறம். 37 டிகிரி வெப்பத்தில் 40 நிமிடம் போனதும் இரண்டும் முழுக்கக் கலந்துவிட்டன.

சரி, இப்படி ஓடிக்கொண்டிருக்கும் சவ்வு உறையுமா? உறையும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, அதே அலமாரியில் அதே குளிரில் இருக்கும் நல்லெண்ணெய் சாதாரணமாக ஊற்றும். காரணம் வால்களின் வடிவம். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பமிலங்கள், அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாத நேரான சங்கிலிகள். நேரானவை பக்கம் பக்கமாக நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு உள்ளவை அதிகம். அந்தப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி ஒரு கோணலாக மடிந்திருக்கும், அடுக்க வராது, அதனால் உறைய இன்னும் நிறையக் குளிர் வேண்டும்.

சவ்விலும் இதே கதைதான். டிபிபிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பாஸ்போலிப்பிட் இருக்கிறது. நம் நுரையீரலின் காற்றறைகளில் உள்பூச்சாக இருக்கும் பொருளில் இது ஏராளம். இதன் இரண்டு வாலும் நிறைவுற்ற, 16 கார்பன் சங்கிலிகள். இதனால் மட்டும் செய்த சவ்வு 41 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்குக் கீழே உறைந்துவிடும். அதே தலையை வைத்துக்கொண்டு, வால்கள் இரண்டையும் ஒரு இரட்டைப் பிணைப்பு கொண்ட 18 கார்பன் ஒலெயிக் அமிலமாக மாற்றினால் கிடைப்பது டிஓபிசி. அது உறைய பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 17 டிகிரி வரை போக வேண்டும். ஒரு மடிப்பு செய்கிற வேலை இது.

உறையும்போது சவ்வுக்குள் இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இதைக் கொஞ்சம் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், கொலஸ்ட்ராலின் வித்தை முழுவதும் இதில்தான் இருக்கிறது. ஒன்று, அதுவரை நெளிந்து குழைந்துகொண்டிருந்த வால்கள் நிமிர்கின்றன, அதனால் மூலக்கூறு ஒன்று எடுத்துக்கொள்ளும் இடம் சுருங்குகிறது. டிபிபிசியில் இது சுமார் 0.63 சதுர நானோமீட்டரிலிருந்து 0.48-க்கு வந்துவிடும், சவ்வும் அதற்கேற்பத் தடிக்கும். இரண்டு, மூலக்கூறுகள் ஒரு ஒழுங்கான கட்டத்தில் பூட்டிக்கொள்கின்றன, பக்கவாட்டு நகர்வு நூறு மடங்குக்கும் மேலாகக் குறைந்துபோகிறது. இந்த உறைந்த நிலைக்கு ஜெல் நிலை என்று பெயர். வால் நிமிர்வது ஒன்று, இடத்தில் பூட்டிக்கொள்வது இன்னொன்று. வெறும் பாஸ்போலிப்பிட்டில் இவை இரண்டும் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். வெப்பத்தை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து போகும், இறக்கினால் இரண்டும் சேர்ந்து வரும்.

இப்போது கொலஸ்ட்ரால். 27 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு. நடுவில் நான்கு வளையங்கள், மூன்று அறுகோணம், ஒன்று ஐங்கோணம், அடுத்தடுத்து விளிம்பைப் பகிர்ந்துகொண்டு ஒட்டியிருக்கும். இந்தப் பகுதி வளையாது, மடங்காது. ஒரு முனையில் ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும். மறுமுனையில் 8 கார்பன் உள்ள குட்டையான, வளைந்து கொடுக்கும் வால். வளையப் பகுதிக்கு இரண்டு முகம் உண்டு. ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கத்தில் இரண்டு மெத்தில் தொகுதிகள், அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தவை, துருத்திக்கொண்டிருக்கும்.

இந்த வடிவத்தைக் கண்டுபிடிக்க வேதியியலாளர்கள் பட்ட பாடு சாதாரணமில்லை. ஸ்டிரால்களின், அதாவது கொலஸ்ட்ராலும் அதன் உறவு மூலக்கூறுகளும் அடங்கிய குடும்பத்தின், அமைப்பை ஆராய்ந்ததற்காக அடால்ஃப் விண்டவுஸுக்கு 1928-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள், ஆனால் அப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த வளைய அமைப்பு தவறு. 1932-இல் ஜே. டி. பெர்னல் ஸ்டிரால் படிகங்களில் எக்ஸ் கதிரைச் செலுத்தி அளந்தபோது, மூலக்கூறு தட்டையாகவும் நீளமாகவும் இருப்பது தெரிந்தது, பரிசு பெற்ற அமைப்போ அந்த அளவுக்குள் அடங்கவே இல்லை. அதன் பிறகே இன்று நாம் வரையும் அமைப்பு வந்தது. சவ்வுக்குள் கொலஸ்ட்ரால் செய்யும் எல்லாவற்றுக்கும் அந்தத் தட்டையான, விறைப்பான வடிவமே காரணம் என்பதால் இதை இங்கே சொல்கிறேன்.

சவ்வுக்குள் இது செங்குத்தாக நிற்கும். ஹைட்ராக்சில் தலைகளின் பக்கம், வளையங்கள் பாஸ்போலிப்பிட் வால்களின் மேல்பாதியை ஒட்டி, குட்டை வால் சவ்வின் நடுவை நோக்கி. ஒரு மூலக்கூறின் நீளம் ஏறக்குறைய ஓர் அடுக்கின் நீளம்தான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சின்ன ஹைட்ராக்சில் மட்டும்தான் தண்ணீரோடு சேரக்கூடியது, கீழே இருக்கும் அவ்வளவு பெரிய வளையத் தொகுதியைத் தண்ணீரிடமிருந்து மறைக்க அது போதாது. அதனால்தான் கொலஸ்ட்ரால் தனியாக ஈரடுக்கு அமைப்பதில்லை. பக்கத்துப் பாஸ்போலிப்பிட்டின் பெரிய தலைக்குக் கீழே நெருங்கிப் போய் ஒதுங்கிக்கொள்கிறது. அப்படி ஒதுங்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரின் வால்கள் இடம் விட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இதனால், உருகிய நிலையில் இருக்கும் சவ்வில் கொலஸ்ட்ராலைச் சேர்த்தால் வால்கள் நிமிர்கின்றன. விறைப்பான வளையத்தின் பக்கத்தில் நெளிவதற்கு இடமில்லை. அதிலும் வளையம் எட்டும் ஆழம் வரைதான், அதாவது முதல் ஒன்பது பத்து கார்பன் வரைதான், இந்தக் கட்டுப்பாடு கடுமையாக இருக்கும். அதற்குக் கீழே, நடுப்பகுதியில் ஓரளவு சுதந்திரம் மிச்சமிருக்கும். சங்கிலிகள் நிமிர்வதால் சவ்வு தடிக்கிறது, பரப்பு சுருங்குகிறது. எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் ஆச்சரியம். பாஸ்போலிப்பிட்டுகள் தனியாக எடுக்கும் இடத்தையும் கொலஸ்ட்ரால் தனியாக எடுக்கும் இடத்தையும் கூட்டினால் வரும் தொகையைவிட, இரண்டையும் கலந்தால் எடுக்கும் இடம் குறைவு. ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டுக்குக் குறைவாக வருகிறது. இதை ஜே. பி. லீத்ஸ் தண்ணீர் மேல் பரப்பிய ஒற்றைப் படலங்களில் கவனித்தார், அதே 1925-இல்! ஈரடுக்கு என்ற எண்ணம் பிறந்த வருடமே, அதைக் கொலஸ்ட்ரால் சுருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

அப்புறம் அடுத்த பக்கம். உறைந்திருக்கும் சவ்வில் அதே கொலஸ்ட்ராலைச் சேர்த்தால்? ஜெல் நிலையில் எல்லா வால்களும் கட்டம் போட்டது போல ஒழுங்காகப் பூட்டியிருக்கும் என்று பார்த்தோம். கொலஸ்ட்ரால் அந்தக் கட்டத்தில் பொருந்தாத உருவம். ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் மேடுபள்ளம், அடியில் குட்டை வால். இடையில் நுழைந்தால் கட்டம் கலைகிறது. டிபிபிசியைச் சூடாக்கிக்கொண்டே அது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறது என்று அளந்தால், 41 டிகிரியில் கூர்மையான ஒரு சிகரம் வரும், அதுதான் உருகும் தருணம். கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால் அந்தச் சிகரம் உயரம் குறைந்து, அகன்று, சவ்வு மூலக்கூறுகளில் பாதிக்குப் பாதி கொலஸ்ட்ரால் ஆகும்போது காணாமலே போய்விடுகிறது. உருகும் தருணம் என்று ஒன்று இல்லாத சவ்வு! குளிரில் இருந்து சூடு வரை எங்கேயும் திடீர் மாற்றம் இல்லை.

பாடப்புத்தகங்கள் இங்கே நிறுத்திக்கொள்கின்றன: சூட்டில் கெட்டியாக்கும், குளிரில் இளக்கும், ஆகவே சமன்படுத்தி. எனக்கு இந்த விளக்கம் திருப்தியாக இல்லாததற்குக் காரணம் உண்டு. நம் உடம்பு எப்போதும் 37 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. நம் கல்லீரல் செல் மார்கழிக் குளிரையும் கத்திரி வெயிலையும் பார்ப்பதே இல்லை. வெப்பநிலை மாற்றத்தைச் சமாளிக்கத்தான் கொலஸ்ட்ரால் என்றால், வெப்பநிலையே மாறாத உடம்புக்குள் அதை இவ்வளவு வைத்திருக்க என்ன தேவை?

முன்பு கவனித்து வைத்துக்கொள்ளச் சொன்ன ஜோடிக்கு இப்போது வருவோம். கொலஸ்ட்ரால் அந்த ஜோடியைப் பிரித்துவிடுகிறது. வால்கள் ஏறக்குறைய ஜெல் நிலையில் இருப்பதுபோல நிமிர்ந்து நெருங்கி நிற்கின்றன, ஆனால் மூலக்கூறுகள் இடத்தில் பூட்டிக்கொள்வதில்லை, திரவத்தில் இருப்பதுபோல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நகர்வின் வேகம் சாதாரணத் திரவச் சவ்வைவிடச் சில மடங்கு குறையும், அவ்வளவுதான், ஜெல் நிலையைப் போல நூறு மடங்கெல்லாம் இல்லை. 1987-இல் டென்மார்க்கின் ஓலே மௌரிட்சனும் அவருடைய கூட்டாளிகளும் இது ஜெல்லும் இல்லை, வழக்கமான திரவமும் இல்லை, தனியான மூன்றாவது நிலை என்று கோட்பாட்டளவில் காட்டி, ஒழுங்குத் திரவ நிலை என்று பெயரிட்டார்கள். வால் நிமிர்ந்த, ஆனால் ஓடுகிற நிலை. வெறும் பாஸ்போலிப்பிட்டை வைத்துக்கொண்டு வெப்பநிலையை எப்படித் திருகினாலும் இந்த நிலை கிடைக்காது. செல் கொலஸ்ட்ராலுக்குச் செலவழிப்பது இதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

செலவு என்று சும்மா சொல்லவில்லை. ஒரே ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறைச் செல் தயாரிக்க 11 ஆக்சிஜன் மூலக்கூறுகள் தேவை. முதலில் லேனோஸ்டிரால் என்ற முன்னோடி உருவாகும், அதில் வளையத்தின் மேல் மூன்று மெத்தில் தொகுதிகள் அதிகம். அவற்றை ஒவ்வொன்றாகச் சீவி எடுத்துத்தான் கொலஸ்ட்ரால் செய்யப்படுகிறது, ஆக்சிஜனில் பெரும்பங்கு அந்தச் சீவலுக்கே போகிறது. இந்தத் தயாரிப்புப் பாதையைக் கண்டறிந்ததற்காக 1964-இல் நோபல் பெற்ற கான்ராட் பிளாக், இந்த மெத்தில்கள் போனால்தான் ஒரு முகம் வழவழப்பாகி வால்களோடு நன்றாக ஒட்டும் என்று வாதிட்டார். லேனோஸ்டிராலைச் சவ்வில் போட்டுப் பார்த்தாலும் அது வால்களை நிமிர்த்தும் திறன் கொலஸ்ட்ராலைவிடக் குறைவுதான்.

நிமிர்ந்து நெருங்கிய சவ்வால் என்ன லாபம்? ஒழுகல் குறைகிறது. நெளியும் வால்களுக்கு நடுவே கணப்பொழுது திறந்து மூடும் இடைவெளிகள் வழியாகத்தான் தண்ணீரும் சின்னச் சின்ன மூலக்கூறுகளும் கசியும். கொலஸ்ட்ரால் அந்த இடைவெளிகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் கசிவதே சில மடங்கு குறைகிறது. சோடியம், பொட்டாசியம் அளவுகளை உள்ளேயும் வெளியேயும் வேறு வேறாக வைத்திருக்க ஓயாமல் பம்பு ஓட்டிக்கொண்டிருக்கும் விலங்கு செல்லுக்கு இது பெரிய விஷயம். அதே சமயம் சவ்வு உறையாததால் அதிலிருக்கும் புரதங்கள் நகரலாம், கூடலாம், வேலை செய்யலாம். இழுத்தால் சட்டென்று கிழிவதும் குறையும். தாவர செல்லுக்கு இருப்பதுபோல விலங்கு செல்லைச் சுற்றி உறுதியான சுவர் கிடையாது, சவ்வுதான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும்.

ஆனால் செல்லுக்குள் எல்லாச் சவ்விலும் கொலஸ்ட்ரால் ஒரே அளவில் இல்லை. வெளிச்சவ்வில் உள்ள லிப்பிட் மூலக்கூறுகளில், எடையால் அல்ல, எண்ணிக்கையால், 30 முதல் 40 சதவீதம் கொலஸ்ட்ரால். சிவப்பணுவின் சவ்வில் ஒரு பாஸ்போலிப்பிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கொலஸ்ட்ரால். ஆனால் புரதங்கள் தயாராகி மடியும் எண்டோபிளாச வலையில் சுமார் 5 சதவீதம்தான், அதன் சவ்வு மெலிதாகவும் தளர்வாகவும் இருக்கும். கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் கடைசிக் கட்டங்கள் நடப்பது அந்த வலையில்தான் என்பதை நினைத்தால் இது இன்னும் விநோதம், செய்கிற இடத்தில் சரக்கே தங்குவதில்லை. ஒரு காரணம், அந்த இடம்தான் அளவுமானியும்கூட. அங்கே கொலஸ்ட்ரால் 5 சதவீதத்தைத் தாண்டினால் செல் தன் சொந்தத் தயாரிப்பை நிறுத்துகிறது, குறைந்தால் தொடங்குகிறது. ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலைச் செல்லுக்குள் வாங்கும் எல்.டி.எல். ஏற்பியைக் கண்டுபிடித்து 1985-இல் நோபல் பெற்ற பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் இந்தக் கட்டுப்பாட்டின் பெரும்பகுதியை அவிழ்த்தவர்கள். முட்டை சாப்பிட்டால் சவ்வு கெட்டியாகிவிடுமா என்று யாராவது கேட்டால் சுருக்கமான பதில் இதுதான்: செல் அவ்வளவு ஏமாளி இல்லை.

புரதங்களும் இந்தத் தடிமன் வேறுபாட்டுக்கு ஏற்றவாறே அமைந்திருக்கின்றன. வெளிச்சவ்வில் தங்கும் புரதங்களில் சவ்வை ஊடுருவும் பகுதி நீளமாகவும், உள்சவ்வுகளில் தங்குபவற்றில் குட்டையாகவும் இருப்பது வழக்கம். சில புரதங்களுக்குக் கொலஸ்ட்ரால் பக்கத்தில் இல்லாவிட்டால் வேலையே ஓடாது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் அமிதாப சட்டோபாத்யாய் குழுவினர் மாட்டு மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதிச் சவ்வுகளிலிருந்து கொலஸ்ட்ராலை உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். செரட்டோனின் 1ஏ ஏற்பி, தன்னோடு சேர வேண்டிய மூலக்கூறைப் பிடிக்கும் திறன் குறைந்தது. கொலஸ்ட்ராலைத் திரும்பக் கொடுத்ததும் பழைய திறன் பெருமளவு மீண்டது.

இனி, இந்தத் துறையில் அதிகமாகச் சண்டை நடந்த பகுதி. டிஓபிசி, டிபிபிசி, கொலஸ்ட்ரால் மூன்றையும் கலந்து, ஒரு செல் அளவுக்குப் பெரிய குமிழிகளாகச் செய்து, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் வைத்தால் கண்ணாலேயே ஒன்றைப் பார்க்கலாம். சூடாக இருக்கும்போது குமிழி முழுக்க ஒரே சீராக ஒளிர்கிறது. மெல்லக் குளிரவிட்டால் ஒரு கட்டத்தில் மேற்பரப்பெங்கும் புள்ளி புள்ளியாக இருட்டு வட்டங்கள் தோன்றும். சாயம் தளர்வான பகுதியைத்தான் விரும்பும், அதனால் கெட்டியான பகுதி இருட்டாகத் தெரிகிறது. அந்த வட்டங்கள் குமிழியின் மேலேயே மிதந்து நகர்கின்றன. இரண்டு வட்டங்கள் மோதினால் ஒன்றாகி, நொடியில் மறுபடி உருண்டையான விளிம்போடு ஒரு பெரிய வட்டமாகிவிடுகின்றன. விளிம்பு உருண்டையாகத் திரும்புகிறதே, அதுதான் அத்தாட்சி: உள்ளே இருப்பது ஜெல் இல்லை, திரவம். உறைந்த துண்டுகளாக இருந்தால் கோணல்மாணலாக ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றிருக்கும். திரும்பச் சூடாக்கினால் எல்லாம் கரைந்து பழைய சீரான ஒளி வந்துவிடும். ஒரே சவ்வில் இரண்டு திரவங்கள், ஒன்றில் நிறைவுற்ற வால்களும் கொலஸ்ட்ராலும் கூடியிருக்க, மற்றொன்றில் மடிந்த வால்கள்.

உயிருள்ள செல்லிலும் இப்படித் தீவுகள் உண்டா? உண்டு, சில புரதங்கள் அந்தத் தீவுகளில் ஏறிக்கொண்டுதான் செய்தி பரிமாறுகின்றன என்று 1997-இல் கை சைமன்ஸும் எலினா இகோனனும் எழுதினார்கள். லிப்பிட் ராஃப்ட், அதாவது கொழுப்புத் தெப்பம், என்ற பெயர் பிரபலமானது. அதன் பிறகு எதைத் தொட்டாலும் ராஃப்ட் என்றாகிவிட்டது. செல்லைச் சோப்பு போன்ற ஒரு வேதிப்பொருளில், அதுவும் 4 டிகிரி குளிரில், கரைத்துவிட்டுக் கரையாமல் மிஞ்சியதெல்லாம் ராஃப்ட் என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். குளிர வைத்தாலே வட்டங்கள் உருவாகும் என்று இப்போதுதான் பார்த்தோம், அந்த வட்டங்கள் முன்பே செல்லில் இருந்தனவா, குளிரவைத்ததால் வந்தனவா என்று எப்படித் தெரியும்? சாதாரண செல்லில் நுண்ணோக்கிக்குத் தெரிகிற அளவில் தீவுகள் இல்லை. இருப்பவை மிகச் சிறியவை, சீக்கிரம் தோன்றிச் சீக்கிரம் கலைபவை. பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வகத்தில் சத்யஜித் மேயர் குழுவினர் காட்டியது இன்னும் அடக்கமானது: சவ்வின் வெளிப்பக்கத்தில் கொழுப்பு நங்கூரத்தோடு ஒட்டியிருக்கும் ஒருவகைப் புரதங்கள் இரண்டு முதல் நான்கு வரை மிக நெருங்கிக் கூடுகின்றன, கொலஸ்ட்ராலைக் குறைத்தால் அந்தக் கூட்டம் கலைகிறது. சவ்வுக்குக் கீழே செல்லின் உள்சட்டமாக இருக்கும் ஆக்டின் இழைகளும் இதில் பங்கு வகிக்கின்றன. பெரிய தெப்பங்கள் மிதக்கும் படத்தைவிட இதுதான் நம்பக்கூடியதாக எனக்குப் படுகிறது.

அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதைச் சிவப்பணுவில் பார்க்கலாம். கல்லீரல் கடுமையாகக் கெட்டுப்போன சிலருக்கு, சிவப்பணுச் சவ்வில் பாஸ்போலிப்பிட் கூடாமல் கொலஸ்ட்ரால் மட்டும் கூடிவிடும். நடுவில் குழிந்த வட்டமாக இருக்க வேண்டிய அணு, ஒழுங்கற்ற முட்கள் நீட்டிய உருவமாக மாறும், விறைத்துப்போகும். சிவப்பணு தன்னைவிடக் குறுகலான வழிகளில் மடங்கி நுழைந்து வெளியேற வேண்டிய இடம் மண்ணீரல். விறைத்த அணு அங்கே சிக்கி அழிகிறது, நோயாளிக்கு ரத்தசோகை வருகிறது. நிமிர்ந்து நெருங்குவது நல்லதுதான், ஓரளவு வரைக்கும்.

கொலஸ்ட்ரால் விலங்குகளின் ஏற்பாடு. இதே வேலைக்குத் தாவரங்கள் சிட்டோஸ்டிரால், ஸ்டிக்மாஸ்டிரால் போன்றவற்றை வைத்திருக்கின்றன, அதனால்தான் கடலை எண்ணெய் டின்னில் கொலஸ்ட்ரால் இல்லை என்று பெருமையாக எழுதுவதில் பெரிய சாதனை எதுவும் இல்லை, எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லிக்கொள்ளும் அளவில் கிடையாது. பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஸ்டிராலே செய்வதில்லை, சிலவற்றில் ஹோப்பனாய்டு என்ற வேறு வளைய மூலக்கூறு இருக்கிறது. மைக்கோபிளாஸ்மா என்ற சுவரில்லாத பாக்டீரியாவோ, தான் தொற்றும் உடம்பிலிருந்தே கொலஸ்ட்ராலைத் திருடிக்கொள்ளும். பூஞ்சைகளுக்கு எர்கோஸ்டிரால். கொலஸ்ட்ராலிலிருந்து அதற்கு வித்தியாசம் இரண்டு கூடுதல் இரட்டைப் பிணைப்பும் வாலில் ஒரு கூடுதல் மெத்திலும்தான், ஆனால் பூஞ்சை மருந்துகளில் பெரும்பகுதி இந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் பிழைக்கிறது. படர்தாமரைக்குப் பூசும் குளோட்ரிமசோல் களிம்பு, லேனோஸ்டிராலின் மெத்திலைச் சீவும் நொதியைப் பூஞ்சையில் முடக்குகிறது. மெத்தில் போகாத, சவ்வில் சரியாகப் பொருந்தாத ஸ்டிரால்கள் குவிந்து, பூஞ்சை வளர முடியாமல் போகிறது.

ஆம்போடெரிசின் பி இன்னும் நேரடியான ஆள். அது எர்கோஸ்டிராலையே பிடித்துக்கொள்ளும். சவ்வில் துளை போடும், சவ்விலிருந்து எர்கோஸ்டிராலை உருவியும் எடுக்கும். தொல்லை என்னவென்றால், கொலஸ்ட்ராலையும் அது ஓரளவு பிடிக்கும், அதனால் நம் செல்களும், குறிப்பாகச் சிறுநீரகம், அடிவாங்கும். இதைச் சமாளிக்க மருந்தை வெறுமனே ஊசியில் ஏற்றாமல், 100 நானோமீட்டருக்கும் சிறிய ஈரடுக்குக் குமிழிகளில் வைத்துக் கொடுக்கும் வழி வந்தது. லிப்போசோமல் ஆம்போடெரிசின் என்பது இதுதான். 2021 கோடையில் கோவிட்டுக்குப் பின் கருப்புப் பூஞ்சை பரவியபோது தமிழ்நாடு உட்பட நாடு முழுக்கத் தட்டுப்பாடாகி, ஊர் ஊராகத் தேடப்பட்ட அதே மருந்து. அந்தக் குமிழியின் சவ்வில் இருப்பவை நிறைவுற்ற வால் கொண்ட பாஸ்போலிப்பிட்டுகளும், அவற்றுக்கு நடுவே கொலஸ்ட்ராலும். ரத்தத்தில் போகும் வழியில் குமிழி ஒழுகி, மருந்தைச் சிறுநீரகத்தின் பக்கம் கொட்டிவிடாமல் பூஞ்சை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் அந்தக் கொலஸ்ட்ராலுக்கும் பங்கு உண்டு.